சுக்கு மல்லிக் காபிப் பொடி: பாக்கெட்டா, கடைச் சரக்கா, வீட்டு அரைப்பா?

பாக்கெட்டின் முன்பக்கத்தில் சுக்கு, கருப்பட்டி, துளசி இலை எல்லாம் படமாக இருக்கும். வாங்குமுன் அதைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற ரெடிமிக்ஸ் பலவற்றில் அந்த முதலிடம் சர்க்கரைக்குத்தான். மல்லி இரண்டாவது, சுக்கு மூன்றாவதோ நான்காவதோ.

சந்தையில் இந்தப் பொடி மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, இனிப்புக் கலந்த ரெடிமிக்ஸ். இரண்டு, இனிப்பில்லாத வெறும் பொடி. மூன்று, நாட்டு மருந்துக் கடையில் சரக்காக வாங்கி நாமே அரைத்துக்கொள்வது. மூன்றாவதுக்குத்தான் காசு தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவது அவசரத்துக்கு ஆகும். முதலாவது ஒரு இனிப்புப் பானம், அதற்கு மேல் மதிப்பு கொடுக்க வேண்டாம்.

ரெடிமிக்ஸை ஒரேயடியாகத் திட்டுவதும் நியாயமில்லை. வீட்டில் போடும்போதும் டம்ளருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் கருப்பட்டி போடத்தான் செய்கிறோம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 200 கிராம் பாக்கெட்டில் 150 கிராம் சர்க்கரை என்றால், நீங்கள் கொடுத்த விலை மீதி 50 கிராம் சரக்குக்கு. பாக்கெட் விலையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், அதுதான் 100 கிராம் சரக்குக்கு அவர்கள் வாங்கும் விலை. அந்த விலையை நாட்டு மருந்துக் கடை விலையோடு வைத்துப் பார்த்தால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. இன்னொரு தொல்லை, அளவு நம் கையில் இல்லை. காரம் போதவில்லை என்று இன்னொரு கரண்டி போட்டால் இனிப்பும் கூடவே ஏறும். இனிப்பைக் குறைத்தால் சுக்கும் குறையும்.

‘கருப்பட்டி சேர்த்தது’ என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டில் கருப்பட்டி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எழுத்தாலோ படத்தாலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அதன் சதவீதத்தை அட்டையில் சொல்லியாக வேண்டும். ஒற்றை இலக்க எண் கண்ணில் பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பொடியோடு கலந்து வைத்தால் சில வாரங்களில் கட்டி தட்டிவிடும். வெள்ளைச் சர்க்கரை அப்படிச் செய்யாது. ஆக, கடை அலமாரியில் மாதக்கணக்கில் பொலபொலவென்று நிற்க வேண்டிய பொடிக்குச் சர்க்கரைதான் வசதி. கட்டி தட்டாமல் இருக்கப் போடும் சேர்க்கைப் பொருளின் குறியீட்டு எண்ணும் பட்டியலின் கடைசியில் இருக்கலாம்.

‘சளியைக் குணமாக்கும்’, ‘ஆஸ்துமா தீரும்’ என்று உணவுப் பாக்கெட்டில் எழுதியிருந்தால் அதைக் கீழே வைத்துவிடலாம். உணவாக விற்கும் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது என 2018-ஆம் ஆண்டின் விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. அட்டையிலேயே விதியை மீறுகிறவர் உள்ளே என்ன போட்டிருப்பார் என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

‘சர்க்கரை இல்லாதது’ என்று வரும் சில வகைகளில் இனிப்பு அதிமதுரத்திலிருந்து வருகிறது. தொண்டைக்கு இதமாக இருக்கும், உண்மை. ஆனால் அதிலுள்ள கிளிசிரைசின் தொடர்ந்து உள்ளே போனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர் மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர்கள் இதைத் தினசரிப் பானமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஆடாதோடை சேர்த்த பொடி கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ‘பதினைந்து மூலிகை’ என்று எண்ணிக்கையைக் காட்டி விற்கும் பொடிகளில் இந்த இரண்டும் அடிக்கடி நுழைந்துவிடுகின்றன. நல்ல சுக்கு மல்லிக்கு ஐந்து சரக்கு போதும்.

இரண்டாவது வகையான இனிப்பில்லாப் பொடி எவ்வளவோ மேல். இதிலும் உற்பத்தித் தேதிதான் எல்லாம். மல்லியின் வாசம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது, அரைத்த நாளிலிருந்து அது போய்க்கொண்டே இருக்கும். காலாவதிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்பதில் அர்த்தமில்லை. அரைத்து இரண்டு மாதத்துக்குள் இருந்தால் வாங்கலாம். பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் மல்லி வாசம் எழ வேண்டும், பிறகு சுக்கின் காரம் மூக்கில் ஏற வேண்டும். தூசி வாசம் மட்டும் வந்தால் பழைய சரக்கு.

இனி நாட்டு மருந்துக் கடை. மயிலாப்பூர் டப்பா செட்டிக் கடை போலத் தலைமுறை தாண்டி நிற்கிற கடைகளிலிருந்து ஊர்ச் சந்தையில் சாக்கு விரித்து விற்பவர் வரைக்கும், சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார்களா என்பதுதான் முதல் சோதனை. முன்னமே எடை போட்டு ஒட்டிய பொட்டலத்தை நீட்டி ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம்.

சுக்கை எப்படிப் பார்ப்பது? ஒரு துண்டை எடுத்து ஒடியுங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு ஒடிய வேண்டும். வளைந்து நார் நாராகப் பிரிந்தால் சரியாகக் காயாதது, பூஞ்சை பிடிக்கும். ஒடிந்த முகம் வெளிர் மஞ்சளாக, மாவுப் பாங்காக இருக்க வேண்டும். கறுப்பு அல்லது பச்சை நிறத் திட்டு இருந்தால் ஒதுக்குங்கள். வெளித்தோலில் குண்டூசி நுனி அளவுத் துளை தெரிந்தால் உள்ளே வண்டு குடியிருந்திருக்கிறது. துண்டை வெள்ளைத் தாளில் தட்டினால் மெல்லிய பழுப்புத் தூள் கொட்டும், அது வண்டு அரைத்தது. மருந்துச் சரக்கை அரிக்கிற ஒரு வண்டுக்கு ஆங்கிலத்தில் மருந்துக்கடை வண்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு இது பழைய பகை. சில்லறை விலையில் மலிவாகக் கிடைக்கும் சுக்கு பெரும்பாலும் இந்தத் துளைச் சரக்குதான்.

அடுத்தது நிறம். பழுப்பாகச் சுருக்கத்தோடு இருப்பது தோலோடு அல்லது அரைகுறையாகத் தோல் சீவிக் காயவைத்தது. பளிச்சென்று வெள்ளையாக இருப்பது சுண்ணாம்பு நீரில் முக்கி எடுத்தது. கந்தகப் புகை போட்டு வெளுப்பதும் உண்டு. விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் மேலே படிந்திருப்பது சுண்ணாம்பு. பூச்சி விழாமல் இருக்கவும் பார்வைக்கு எடுப்பாக இருக்கவும் வியாபாரத்தில் இதைச் செய்கிறார்கள். இதைக் கலப்படம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. சித்த மருத்துவத்தில் சுக்கைச் சுத்திகரிப்பதே சுண்ணாம்பை வைத்துத்தான். சுண்ணாம்பு பூசி ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, மேல்தோலைச் சீவி எறிவார்கள். ‘சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு’ என்ற சொலவடை இதற்குத்தான் (புறணி வெளித்தோல், அகணி உள்கொட்டை). கடைச் சுக்கில் அந்தக் கடைசி இரண்டு வேலை, கழுவுவதும் சீவுவதும், நடக்காமலே நம் கைக்கு வருகிறது. பழுப்புச் சுக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெள்ளைதான் கிடைக்கிறது என்றால் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பிறகு சீவுங்கள். கொச்சிச் சுக்கு என்று கேட்டு வாங்கினால் நார் குறைவாக இருக்கும், இடிக்கவும் சுலபம்.

மல்லியில் பெரிய மணி, சிறிய மணி இரண்டு உண்டு. சாம்பாருக்குப் பெரியது பார்வையாக இருக்கும். காபிப் பொடிக்குச் சிறிய உருண்டை மணிதான் வாசம். உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பாருங்கள். மணியாக முழுசாக இருப்பதை எடுங்கள், ரெண்டாகப் பிளந்தது அதிகம் இருந்தால் வாசம் பாதி போயிருக்கும்.

திப்பிலி கேட்கும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். அரிசித் திப்பிலி என்பது காய், சின்னக் கதிர் மாதிரி இருக்கும். கண்டந்திப்பிலி என்பது அதே கொடியின் தண்டும் வேரும், குச்சித் துண்டுகளாக இருக்கும், ரசத்துக்குப் போடுவது. இந்தப் பொடிக்கு வேண்டியது காய். ‘திப்பிலி’ என்று மொட்டையாகக் கேட்டால் குச்சியைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள், அரைத்தால் நார்தான் மிஞ்சும். விலை அதிகம் என்பதால் பாக்கெட் பொடிகளில் திப்பிலி பெயருக்குத்தான் இருக்கும். மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய வித்தை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போடுங்கள், முற்றிய மிளகு அடியில் போகும், பப்பாளி விதையும் பொக்கு மிளகும் மிதக்கும். சித்தரத்தை விருப்பம். போட்டால் ஐந்து கிராமுக்கு மேல் வேண்டாம், அதன் வாசம் மற்றதை அமுக்கிவிடும். முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும், அவ்வளவு கட்டை.

கடையிலேயே அரைத்துத் தருகிறோம் என்பார்கள். வசதிதான், ஆனால் எதற்குப் பின்னால் அரைக்கிறார்கள் என்று கேளுங்கள். முந்தின ஈடு நிலவேம்பாக இருந்தால் உங்கள் காபி கசக்கும். மாவு மில்லிலும் இதே கதை. மிளகாய் ஓடிய மெஷினில் போட்டால் முதல் இரண்டு பிடி மிளகாய்த் தூளாகத்தான் வரும். நாம் அரைப்பது கால் கிலோ கூட இல்லை, அதில் இரண்டு பிடி என்பது பெரிய பங்கு. இந்த அளவுக்கு மிக்ஸியே போதும்.

அளவு இது: மல்லி 100 கிராம், தோல் சீவிய சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், அரிசித் திப்பிலி 5 கிராம், ஏலக்காய் 5 கிராம். சுக்கை 60 கிராமாக வாங்கினால் தோல் போக ஏறக்குறைய 50 தேறும். மல்லிக்கு இரண்டில் ஒரு பங்கு சுக்கு என்பதுதான் இதன் முதுகெலும்பு. மல்லிக்குச் சமமாகச் சுக்கு போட்டால் தொண்டை எரியும். நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் மல்லித் தண்ணீர்தான் மிஞ்சும். சிறுவர்களுக்கு என்றால் மிளகைப் பாதியாக்கி, திப்பிலியை விட்டுவிடலாம்.

சுக்கை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, கெட்டித் துணியில் சுற்றி, குழவியாலோ சுத்தியலாலோ நசுக்குங்கள். நிலக்கடலை அளவுத் துண்டானால் போதும். மல்லியை இரும்புச் சட்டியில் சிறு தீயில் மூன்று நாலு நிமிடம் கிளறுங்கள். வாசம் எழுந்து நிறம் ஒரு சாயல் மாறும்போதே இறக்கிவிட வேண்டும். சட்டி சூடே இன்னும் கொஞ்சம் வறுக்கும் என்பதால் உடனே தட்டில் கொட்டுங்கள். இந்த இடத்தில் அரை நிமிடம் அசந்தால் மொத்த ஈடும் கசப்பு. வீட்டு அரைப்பில் வரும் குறைகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம், பழி மட்டும் சுக்கின் மேல் விழும். மிளகும் திப்பிலியும் கை பொறுக்கிற சூடு வந்தால் போதும். ஏலக்காயை வறுக்கவே வேண்டாம், தோலோடு போடலாம்.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் ஜாருக்குள் போக வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி உள்ளேயே அடைந்து பொடி ஈரமாகும், பத்தே நாளில் பூஞ்சை வாடை வரும். முதலில் சுக்கு மட்டும், பிறகு மற்றதைச் சேர்த்து, பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி பத்து விநாடி என்று விட்டுவிட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி வாசம் மூடிக்குப் போய்விடும். மாவு போல நைஸாக வேண்டாம். ரவைப் பதம் சரி. நைஸ் பொடி வடிகட்டியைத் தாண்டி வந்து டம்ளர் அடியில் வண்டலாகத் தங்கும், கடைசி மடக்கு வாயில் மண்ணாக இருக்கும்.

போடும் முறை. ஒரு டம்ளருக்கு 250 மில்லி பச்சைத் தண்ணீரில் குவித்த ஒரு தேக்கரண்டிப் பொடி, சுமார் 3 கிராம். மூடி போட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம். கொதி வந்த பிறகு தூவினால் மேலாகக் கட்டி கட்டும், தண்ணீரோடு சேர்ந்து சூடேறினால்தான் சாரம் இறங்கும். மூடாமல் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், டம்ளர் மணக்காது. இறக்கி இரண்டு நிமிடம் தெளியவிட்டு வடியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் மல்லி துவர்ப்பு இறங்கும். இந்த அளவில் டம்ளருக்குச் சுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. மேலே சொன்ன ஈடு ஐம்பது டம்ளருக்குக் குறையாமல் வரும்.

கருப்பட்டியைக் கட்டியாகத் தட்டிப் போடாதீர்கள். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். ஆகவே சுண்ணாம்பு வண்டலும், காய்ச்சும் இடத்து மணலும், துரும்பும் கருப்பட்டிக்குள் இருக்கும். 100 கிராமைக் கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து, துணியில் வடித்து, ஒரு கொதி விட்டுப் பாட்டிலில் வைத்தால் ஒரு வாரம் ஃபிரிட்ஜில் நிற்கும். டம்ளருக்கு ஒரு சின்ன வெங்காயம் அளவுக் கருப்பட்டிதான் கணக்கு. உடன்குடிப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிச் சீனிக் கருப்பட்டி விற்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. உடைத்த முகம் கண்ணாடித் தூள் போல மின்னினால், கல்லாக இறுகியிருந்தால், வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றால் சீனி கலந்தது. நல்லதில் இனிப்போடு லேசான உப்புக் கரிப்பும் புகை வாசமும் வரும். பனஞ்சரக்கு என்பதால் சர்க்கரை நோய்க்காரர் தாராளமாகக் குடிக்கலாம் என்பது வெறும் பேச்சு. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், ஜீனியைக் கணக்குப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும்.

பால் விடுவது அவரவர் விருப்பம். விடுவதானால் வடித்த கஷாயத்தோடு காய்ச்சிய பாலைக் கடைசியில் சேருங்கள், கருப்பட்டிப் பாகையும் அடுப்பை அணைத்த பிறகே விடுங்கள். கொதிக்கிற பாலில் விட்டால் திரிய வாய்ப்பு உண்டு. பச்சை இஞ்சியில் பால் திரிவது வேறு காரணத்தால். அதில் பால் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது, காய்ந்து கொதித்த சுக்கில் அந்தத் தொல்லை இல்லை. கேரளத்துச் சுக்குக் காப்பியில் உண்மையான காப்பித்தூளும் விழும். நம் பக்கம் பெயரில் மட்டுந்தான் காபி, அதனால் இரவில் குடித்தாலும் தூக்கம் கெடாது.

இது என்ன செய்யும்? இஞ்சி காயும்போது அதிலுள்ள ‘ஜிஞ்சரால்’ என்ற காரப் பொருள் ‘ஷோகால்’ என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது. ஷோகால் கூடுதல் காரம், சுக்கு இஞ்சியைவிடச் சுள்ளென்று இருப்பது அதனால்தான். (இஞ்சிக்கு ஜப்பானியப் பெயர் ஷோகா, அதிலிருந்து வந்த பெயர் இது.) குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு ஆய்வுகள் நன்றாகவே துணை நிற்கின்றன. வயிற்று மந்தத்துக்கும் கேட்கும். சளிக்கு என்றால், சூடான திரவமும் காரமும் மூக்கைத் திறந்து தொண்டையை இதமாக்கும், அவ்வளவே. மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலையோ மூச்சிரைப்பையோ இதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைபெரின் என்ற காரப் பொருள், வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் போன்ற சில மருந்துகளை உடல் கூடுதலாக உறிஞ்சச் செய்யும். வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளி என்று இதில் தேன் குழைத்து நாக்கில் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த வயதில் தேனே ஆகாது.

சரக்காக வாங்கினால் ஓராண்டு கெடாது, பொடித்தால் ஆறு வாரம்தான் முழு வாசம். ஆகவே சரக்கைக் கால் கிலோ வாங்கினாலும் ஒரு தடவைக்கு மேலே சொன்ன அளவைத் தாண்டி அரைக்க வேண்டாம். கண்ணாடி பாட்டிலில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல், காய்ந்த கரண்டி போட்டு எடுங்கள். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துக் கொட்டுகிற பழக்கம் இருந்தால் ஆவி உள்ளே போய் முதல் வாரமே கட்டி தட்டும். அரைத்து முடித்ததும் ஜாரில் நாரும் கப்பியுமாக ஒரு பிடி மிஞ்சும், அதைக் கொட்டிவிடாதீர்கள். அன்றைய ரசத்தில் துணியில் முடிந்து போட்டால் அதன் காரம் முழுதும் அதில் இறங்கிவிடும்.